கீழ்க் கையைச் சுரண்டியவன்

ஏம்பா, உன் பெண்டாட்டி இன்றைக்குக் காலையில் என் வீட்டையே நாற அடித்துவிட்டாள். வஜ்ஜிரம் காய்ச்சுகிறாள். மாட்டுத் தோலை வேகவைத்து எடுக்கிற அந்தத் தச்சர் பசையைத்தான் சொல்கிறேன். கட்டியை நேற்றே தண்ணீரில் ஊறப்போட்டு வைத்திருந்து, இன்று வெந்நீர்ச் சட்டிக்குள் கிண்ணத்தை இறக்கிக் குச்சியால் கிண்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அவள் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரருக்கு இந்த வாடை ஆகாதாம். என் பெண்டாட்டிக்கு மட்டும் ஆகுமாக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு காமாட்சியம்மன் கோயிலுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். நான் தறியில் இருந்தேன். வாடை வந்து முகத்தில் அடித்ததும் கை நின்றுவிட்டது. பழக்க தோஷம், இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன், நீ இருக்கிறாயா என்று. இப்போது உன் இடத்தில் சேலைக் கரை போட வருகிற ஆள் இன்றைக்கு மட்டம் போட்டிருந்தான். அந்த இடம் காலியாகக் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வயசாகிவிட்டது, இனி அதை மறைக்கிற உத்தேசம் எல்லாம் எனக்கு இல்லை.

உன் வில் மறுபடியும் வாயைத் திறந்துவிட்டது. அதே பழைய பிளவுதான். நீ கண்ணை மூடின அந்த ஐப்பசி மழையில் யாரும் அதை எடுத்துத் துடைக்கவில்லை. கூரை ஒழுகிக் கட்டுக்குள் ஈரம் இறங்கிவிட்டது. அந்தப் பொங்கல் துக்கத்தில் போயிற்று, உன் ஊர்ச் சாமி வில் இல்லாமலே வேட்டைக்குப் போய்த் திரும்பியது. இந்தப் பொங்கலுக்கு உன் மகன் எய்ய வேண்டும். மெட்ராஸில் லேத்துப் பட்டறையில் லீவு சொல்லிவிட்டானாம். அதற்குள் வில் தயாராக வேண்டும் என்று உன்னவள் அதைப் பழைய சேலையில் சுற்றிக் கொண்டுவந்து என் தறிமேடையில் வைத்தாள். பிரித்துப் பார்த்தால், அன்றைக்கு நீயும் நானும் சுற்றிய பட்டு. அரக்கு நிறம் வெளுத்து மண் நிறமாகியிருந்தது. ஆனால் ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை.

முதல் தடவை அந்த வில் என் வீட்டுக்கு வந்ததை நினைத்துப் பார்க்கிறேன். உன் அக்கா கொண்டுவந்தார். மாகறலுக்கு அந்தப் பக்கம், செய்யாற்றங்கரையில் உங்கள் ஊர். அங்கிருந்து பஸ்ஸில், கோணிப்பையில் சுற்றி, ஏதோ பந்தல்கால் என்று கண்டக்டரிடம் சொல்லிக் கொண்டுவந்ததாகச் சொன்னார். நேராக உன் வீட்டுக்கு வர அவருக்குத் துணிச்சல் இல்லை. உன் அப்பாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். அதனால் என் வீட்டில் வந்து உட்கார்ந்து, உன்னைக் கூப்பிட்டு அனுப்பச் சொன்னார்.

நீ உன் அப்பாவோடு பேச்சு இல்லாமல் இருந்த காலம் அது. சரியாகச் சொன்னால் அவர்தான் உன்னோடு பேச்சை நிறுத்தியிருந்தார். நிலத்தை விட்டுத் தறிக்கு வந்தாய், அதையாவது பொறுத்திருப்பார். தறிக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டாய், அது அவருக்குப் பொறுக்கவில்லை. அவள் என் சித்தப்பா மகள். எங்கள் தெருவிலும் உனக்கு ஒன்றும் மாலை மரியாதை நடக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நான் ஒருத்தன்தான் உன்னை என் தறியில் கரை போட உட்காரவைத்தேன். உன் மேல் பாசத்தால் என்று நினைத்துக்கொள்ளாதே, அப்போது எனக்கு ஆள் கிடைக்கவில்லை. பாசமெல்லாம் பிறகு வந்ததுதான். குழந்தை பிறந்ததும் நீ ஊருக்குப் போய் வாசலில் நின்றாய். உன் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, உன்னைத் தாண்டி வயலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து தறியில் உட்கார்ந்தாய். சாயங்காலம் எழுந்திருக்கும்போது ஒன்று சொன்னாய்: "அடிச்சிருந்தாகூட பரவால்லபா. தாண்டிக்கினு போனாரு பாரு."

உன் அக்கா சொன்ன விஷயம் இதுதான். உங்கள் ஊரில் பார்வேட்டைக்கு, அதாவது காணும் பொங்கலன்று சாமி குதிரை வாகனத்தில் வேட்டைக்குப் புறப்படுகிறபோது, ஏரிக்கரையைத் தாண்டி முதல் அம்பை விடுகிற உரிமை உங்கள் வீட்டுக்கு. வேட்டைக்காரர்களிடமிருந்து வாங்கிய வில் அல்ல அது, உன் தாத்தா கையால் செய்தது. மலைப்பக்கத்திலிருந்து கொண்டுவந்த மரம், அதன் பெயர் உனக்கும் தெரியாது. கடலைக்கொல்லையைக் கிளறுகிற பன்றியை அதை வைத்துத்தான் ஒரு காலத்தில் அடித்தார்கள். அந்த வருஷப் பொங்கலில், சாமி முன்னால் உன் அப்பா நாண் ஏற்றும்போது அது சடக்கென்று பிளந்துவிட்டது. அர்ச்சகர் எதையோ சொல்லிச் சமாளித்து ஊர்வலத்தை நகர்த்தினார். வீட்டுக்கு வந்த உன் அப்பா, அடுத்த வருஷம் பங்காளி வீட்டுக்கே உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"நைனா இத்தை எரவாணத்துல சொருவிட்டு அதையே பாத்துக்கினு படுத்துனு இருந்தாரு தம்பி. நான் எறக்கி எடுத்தாரும்போதுகூட எங்கனு கேக்கல. பெத்த புள்ளய ஒதுக்கினதுக்கு சாமி குடுத்த தண்டனைனு ஊருல பேசிக்கிறாங்கோ. அது அவரு காதுலயும் வுழுந்துட்டுது. நீதான் எதனா பண்ணணும்" என்றார் உன் அக்கா.

நீ வில்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பிளவுக்குள் நகத்தை விட்டுப் பார்த்தாய். உன் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது மரத்தை ஒட்டுகிற வேலை மட்டும் இல்லை என்று. இது சரியானால் உன் பெண்டாட்டியும் குழந்தையும் அந்த வீட்டுக்குள் கால் வைக்கலாம். சரியாகாவிட்டால் இனி எப்போதும் இல்லை.

நாம் அந்த வில்லோடு பட்ட பாட்டை ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். தச்சரிடம் கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். என் அப்பன் வில்லை நான்தான் ஒட்டுவேன் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். பிளவு மேல் பாதியில், மரத்தின் நார் வாக்கில் ஓடியிருந்தது. சூடான வஜ்ஜிரத்தைக் கோழி இறகால் உள்ளே தடவினோம். பிறகு அதன்மேல் பட்டு நூலைச் சுற்றினோம். நான் வில்லைச் சுழற்ற, நீ நூலை இழுத்துப் பிடித்து ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நெருக்கி நெருக்கிப் படியவைத்தாய். அந்த விஷயத்தில் நம்மைக் குறை சொல்ல ஆள் கிடையாது. காய்ந்த பிறகு விரலால் தடவினால் இழை எது, மரம் எது என்று தெரியாது.

நாண் வேலையை உன் பெண்டாட்டி எடுத்துக்கொண்டாள். பழைய நாண் மாட்டு நரம்பு, உளுத்துப் போயிருந்தது. வேகவைத்த பட்டு வேண்டாம், நீண்டு கொடுத்துவிடும், வேகவைக்காத பச்சைப் பட்டுதான் சரி என்று அவளே தீர்மானித்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே முறுக்கினாள். பிடிக்கவில்லை என்று பிரித்தாள், மறுபடியும் முறுக்கினாள். போதும்மா என்று நான் சொன்னதற்கு அவள் என்னை முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவளை வாசலில் சேர்க்காத மனுஷருக்காக அவள் முறுக்கிய நாண் அது.

நாம் செய்த தப்பு அதற்குப் பிறகுதான்.

நாண் ஏற்றித் தறிக்காலில் மாட்டி இழுத்துப் பார்த்தோம். வில்லின் இரண்டு பாதிகளையும் உங்கள் வீட்டில் மேல் கை, கீழ்க் கை என்பீர்கள். மேல் கை நன்றாக வளைந்தது. கீழ்க் கை அவ்வளவு வளையவில்லை, கொஞ்சம் முறைப்பாக நின்றது. நீ ஒரு பாவு நூலை இரண்டு முனைக்கும் நடுவே இழுத்துக் கட்டி, இடைவெளியை விரலால் அளந்தாய். ஒத்துப்போகவில்லை. "ஒரு பக்கம் கம்மியா இருக்குதுபா" என்றாய். நானும் ஆமாம் என்றேன். பொழுது விடிந்தால் பொழுது போனால் சேலையின் இரண்டு கரையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கண்ணைக் கொடுத்து உழைக்கிறவர்கள் நாம். ஒரு கரை ஓர் இழை அகலம் கூடினால் முதலாளி சேலையை விசிறி அடிப்பார். நமக்கு வேறு என்ன தோன்றும்? உடைந்த கண்ணாடிச் சில்லை எடுத்து நீ கீழ்க் கையின் உள்பக்கத்தைச் சுரண்ட ஆரம்பித்தாய். நூலைப் பிடித்துப் பார்ப்பதும் சுரண்டுவதுமாக அந்த வாரம் முழுவதும் அதே வேலை. கடைசியில் இரண்டு கையும் அச்சில் வார்த்ததைப் போல ஒன்றாக வளைந்தன. அந்த அழகைப் பார்த்து நாம் ரெண்டு பேரும் பூரித்துப் போய் உட்கார்ந்திருந்தோமே!

வேகவதி ஆற்று மணலில் போய் எய்து பார்த்தபோது பிடி உன் கையில் உதைத்தது. அம்பும் மேலே தூக்கிக்கொண்டு போனது. புது நாண், பழகினால் சரியாகிவிடும் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் உன்னோடு நானும் வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக உன் வீட்டுக்கு நடந்தோம். உன் அப்பா கொட்டகையில் எருதின் கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். நீ வில்லை அவர் காலடியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாய். அவர் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. ஒரு கொம்பை முடித்தார். அடுத்த கொம்பையும் முடித்தார். எனக்கானால் கோபம் பொங்குகிறது. பெரிய மனுஷர் என்றால் இவ்வளவு வீம்பா? இழுத்துக்கொண்டு திரும்பிப் போய்விடலாம் என்று உன் கையைத் தொட்டேன். நீ நகரவில்லை.

அப்புறம் அவர் கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு குனிந்து வில்லை எடுத்தார். பட்டுக் கட்டின்மேல் கட்டைவிரலை ஓட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, முழங்காலைக் கொடுத்து நாணை ஏற்றினார். இடது கையை நீட்டிப் பாதி இழுத்தார். நிறுத்தினார். மெதுவாக விட்டுவிட்டு, வில்லின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைக்க உன் பக்கம் திரும்பினார்.

"எவன்டா இது, கீழ் கையச் சொரண்டனது?"

கொட்டகையில் மாடுகூட தலையைத் தூக்கிப் பார்த்தது. "நான்தான் நைனா" என்றாய். உன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, ஆனால் வாய் சிரிக்கிறது. இத்தனை வருஷம் கழித்து உன் அப்பா உன்னிடம் பேசிய முதல் வார்த்தை ஒரு திட்டு. அதை வாங்கிக்கொண்டு நின்றாய், சாமி பிரசாதம் வாங்குகிறவனைப் போல.

அவர் விடுவதாக இல்லை. "ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும்னு உனுக்கு எவன் சொன்னான்? இது இன்னா சேலைக் கரையா? அம்பு பிடிக்கு மேல உக்காருது. கை கீழ புடிக்கிது. அப்ப பாரம் எதுக்கு? கீழ் கைக்கு. பாரம் தாங்கற பக்கம் கொஞ்சம் முறைப்பாத்தான்டா இருக்கும்."

இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. எனக்கு அப்போது புரியவில்லை. உனக்கு உடனே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், ஏனென்றால் நீ அவர் காலைத் தொட்டாய். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

சுரண்டிய மரத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. ஒரே வழி, மேல் கையையும் இளைக்கவைப்பதுதான். அப்படிச் செய்தால் வில்லின் பலம் குறைந்துவிடும், பன்றியை அடிக்கிற வில்லாக அது இனி இருக்காது. நீ தயங்கினாய். பன்றி எங்கேடா இருக்கிறது இப்போது, சாமிக்கு எய்யத்தானே, ஏரிக்கரையைத் தாண்டினால் போதும் என்றார். உன் அக்காவிடம் கண்ணாடிச் சில்லு கேட்டு வாங்கி உன் கையில் கொடுத்துவிட்டு, எதிரில் குந்தி உட்கார்ந்துகொண்டார். நீ சுரண்டச் சுரண்ட, அங்கே வேண்டாம், இங்கே, கட்டுக்கு மேலே, போதும், இழுத்துப் பார் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். பேசாமல் சேர்த்து வைத்திருந்த வருஷங்களை எல்லாம் அன்றைக்கே பேசித் தீர்த்துவிடுவார் போலிருந்தது.

நடுவில் நாணைச் சுண்டிப் பார்த்தார். காதைக் கிட்டக் கொண்டுபோய் மறுபடியும் சுண்டினார்.

"யாரு முறுக்கனது?"

நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். "அவதான் நைனா" என்றாய்.

அவர் எழுந்துபோய் எருதின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். நம் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "பிசிறு இல்ல. நாளைக்கு சாமி பொறப்படறதுக்குள்ள அவளக் கூட்டிக்கினு வந்துடுங்கோ. கொழந்த மேல வெயிலு படாம பாத்துத் தூக்கியாரச் சொல்லு."

நீ வில்லை விட்டு நகர முடியாது, அதனால் நான்தான் காஞ்சிபுரத்துக்கு ஓடினேன். மறுநாள் விடியற்காலைப் பஸ்ஸில் உன் பெண்டாட்டியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். என் தங்கச்சி, தன் கல்யாணத்துக்குக் கட்டிய சேலையைக் கட்டிக்கொண்டு, வழி முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே வந்தாள். ஊர் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தாள். மாமா என்ன சொன்னார் என்று கேட்டாள். திட்டினார் என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. உன் புருஷனைத்தான் திட்டினார் என்றேன். வாயைத் திறந்தா திட்டினார் என்று கேட்டாள். வாயைத் திறந்துதான் என்றேன். "இன்னானு திட்டனாரு? அப்படியே சொல்லுண்ணா" என்றாள். பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்க்க உன் அப்பா குரலிலேயே சொல்லிக் காட்டினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துவிட்டு, "இன்னொரு தபா சொல்லு" என்றாள்.

அன்றைக்கு, பங்காளிகளிடம் உரிமையைத் திரும்பக் கேட்டு வாங்கி, சாமி முன்னால் உன் அப்பா வில்லைத் தான் பிடிக்காமல் உன் கையில் கொடுத்தார். அம்பு ஏரிக்கரையை ஒட்டினாற்போல் தாண்டிப் போய் விழுந்தது. பங்காளி ஒருத்தர், வேகம் பத்தவில்லை என்று முணுமுணுத்தார். போய்ச் சேர்ந்ததா இல்லையா, அதைச் சொல் என்றார் உன் அப்பா. உன் தலையில் பரிவட்டம் கட்டும்போது அவர் கையில் உன் பிள்ளை இருந்தது. வீட்டுக்குத் திரும்பியதும் மறக்காமல் நாணை இறக்கிவைக்கச் சொன்னார். ஏற்றியே வைத்திருந்தால் மரம் செத்துவிடும் என்றார். அடுத்த மழைக்காலத்தில் அவர் போனார். கடைசிவரை உன்னைத் திட்டிக்கொண்டேதான் இருந்தார், உனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கு முன்னாலும் நீ அந்த வில்லை எடுத்துத் துடைத்து எண்ணெய் போடுவாய். உன் பெண்டாட்டி பக்கத்தில் வந்து நிற்பாள். வேட்டியை மடித்துக் கட்டிக் கழுத்தைப் புடைத்துக்கொண்டு அந்தத் திட்டை நீ எடுத்து விடுவாய். வருஷா வருஷம் அதே கூத்து. அவளும் முதல் தடவை கேட்கிறவள் மாதிரியே சிரிப்பாள். எனக்குச் சலிப்பாக இருக்கும், வேலையைப் பாருங்கடா என்பேன். உன் கடைசிக் காய்ச்சலின்போது உன்னைப் பார்க்க வந்தேன். வில்லைப் பார்த்துக்கொள் என்று சொல்வாய் என நினைத்தேன். நீ கரையைப் பற்றித்தான் கேட்டாய், புது ஆள் ஒழுங்காகப் போடுகிறானா என்று. இல்லை, எனக்கு நீதான் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். பரவாயில்லை, போடுகிறான் என்றேன்.

இன்றைக்கு வஜ்ஜிரம் பதத்துக்கு வந்ததும் பழைய கட்டைப் பிரித்தேன். பிளவைச் சுத்தம் செய்து பசை தடவிப் புதுப் பட்டைச் சுற்றினேன். வில்லைச் சுழற்ற அவள் இருந்தாள், நூலைப் படியவைக்கிற உன் இடத்தில் நான். உன் அளவுக்கு எனக்கு வரவில்லை. கட்டு காயட்டும் என்று தறிமேடையில் கிடத்திவிட்டு தறிக்குழியில் இறங்கி ஊடை நூல் ஓடத்தைக் கையில் எடுத்தேன். அவள் வில்லின் அடிப்பாகத்தை ஒரு விரலால் தடவிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்:

"அண்ணா, கீழ்ப் பக்கம் கொஞ்சம் முறைப்பா இருக்குதே. லேசா சுரண்டிடலாமா?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இத்தனை வருஷம் கேட்டும் இவளுக்குப் புத்தியில் ஏறவில்லையா என்று வெடுக்கென்று திரும்பினேன். அவள் வில்லைப் பார்க்கவில்லை. பசைக் குச்சியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் அந்தத் திட்டைச் சொல்லவில்லை.

ஓடத்தை வைத்துவிட்டுத் தறிக்குழியிலிருந்து எழுந்தேன். துண்டில் கையைத் துடைத்தேன். உன் அப்பா கட்டியதைப் போல வேட்டியை மடித்துக் கட்டினேன். என்னால் முடிந்த மட்டும் கழுத்தைப் புடைத்துக்கொண்டு கத்தினேன்.

"எவன்டா இது, கீழ் கையச் சொரண்டனது?"

பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் நின்றது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நீ எனக்கு விட்டுப் போனது இந்த ஒரு திட்டுதான்பா. பொங்கலுக்கு வருகிற உன் மகனுக்கும் இதைக் கொடுத்தாக வேண்டும், அவன் எந்தக் கையைச் சுரண்டினாலும் சரி, சுரண்டாவிட்டாலும் சரி.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இன்னொரு தபா சொல்லுண்ணா" என்றாள்.

சொன்னேன்.